வெற்றிலைப் பையை இடுப்பிலிருந்து அவிழ்ப்பது எப்படி?

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கத்தைக் கைவிட நினைக்கிற தேயிலைத் தோட்டத்து ஆட்கள் முதல் மூன்று நாளுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். தலையிடி, எரிச்சல், எதிலும் நிலைகொள்ளாத மனம் எல்லாம் உண்மைதான். இரண்டாம், மூன்றாம் நாளில் அது உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணிந்துவிடும். ஆனால் பலர் விழுவது அதற்குப் பிறகு. மழை பிடித்த ஒரு பின்னேரம், பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் தராசுக்குக் காத்து நிற்கும்போது, பக்கத்திலிருப்பவர் நீட்டிய வெற்றிலையைக் கை தானாக வாங்கி வாயில் போட்டுவிடும். நிக்கோட்டின் உடம்பைவிட்டு எப்போதோ போயிருக்கும். அன்றைக்கு இழுத்தது அந்த இடமும் அந்த நேரமும் அந்தக் கையும். இந்த வழிகாட்டி அவற்றை அவிழ்ப்பது பற்றியது.

முதலில் ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரு வாய் வெற்றிலையில் பழக்கமாகும் பொருள்கள் இரண்டு இருக்கின்றன: புகையிலையின் நிக்கோட்டின், பாக்கின் அரிக்கோலின். சுண்ணாம்பு வாயைக் காரமாக்குவதால் நிக்கோட்டின் கன்னத்தின் வழியே வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது. பாக்கோ உடம்பைச் சூடாக்கி லேசாக வேர்க்க வைக்கும். காலைக் குளிரில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு) போகிறவருக்கு அந்தச் சூடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது மலையில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத பாக்கையும் 2004இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது.

அதனால் "போயிலைய மட்டும் விட்டுர்றேன், பாக்கு வெத்தில இருக்கட்டும்" என்ற ஏற்பாடு பெரும்பாலும் நிலைக்காது. பாக்கின் கேடு ஒரு பக்கம் இருக்கட்டும். அதே பை, அதே சுண்ணாம்பு டப்பா, அதே மடிப்பு. காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, விரல் நுனியால் சுண்ணாம்பைத் தடவி, பாக்கை வைத்து மடிக்கும்போதே வாயில் நீர் ஊறத் தொடங்கிவிடுகிறது. கை இவ்வளவு தூரம் வந்தபின், ஒரு துண்டு புகையிலை மட்டும் வேண்டாம் என்று மனதோடு மல்லுக்கட்டுவது வீண் கஷ்டம். விடுவதென்றால் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று கூறு முழுவதையும் விடுங்கள். பாபுல், மாவா என்ற பாக்கு, புகையிலைக் கலவைகள், பொட்டலத்தில் வரும் இனிப்புப் பாக்கு எல்லாம் இதே கணக்குத்தான். புகையற்ற புகையிலைப் பொருட்களுக்கு 2016இல் இலங்கையில் தடை வந்துவிட்டது. ஆனாலும் கடைக்குள்ளிருந்து மறைவாக வருவதை யாரும் அறியாமலில்லை.

முதல் வாரம்: எண்ணுங்கள், குறைக்காதீர்கள்

இரண்டு நெருப்புப்பெட்டி எடுங்கள். ஒன்றில் 30 குச்சி போடுங்கள், மற்றது காலியாக இருக்கட்டும். இரண்டையும் மழை படாமல் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வெற்றிலைப் பையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை வெற்றிலை போடும்போதும் ஒரு குச்சியை இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாற்றுங்கள். இரவில் எண்ணி, நாட்காட்டியில் அந்தத் தேதிக்குக் கீழே எழுதுங்கள். கூடவே, எந்த நேரத்தில் போட்டதற்கு என்ன காரணம் என்று ஒரே எழுத்தில் குறியுங்கள்: பசிக்கு ப, குளிருக்கு கு, ஆட்களோடு சேர்ந்து போட்டதற்கு ஆ, கோபத்துக்கு கோ, சும்மா போட்டதற்கு சு. எழுதப் பழக்கமில்லாதவர் ஸ்கூல் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுத வைக்கலாம்.

இந்த வாரம் வேண்டுமென்றே குறைக்கக் கூடாது. நல்ல பெயர் வாங்க நினைத்துக் குறைத்தால் கணக்கு பொய்யாகிவிடும். பிறகு எங்கே விழப்போகிறோம் என்பது தெரியாமலே போய்விடும்.

ஏழு நாள் கழித்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பன்னிரண்டு வாய் போடுகிறவருக்குக்கூட உண்மையில் இறுக்கமானவை மூன்றோ நான்கோதான்: எழுந்தவுடன், மலையில் பத்து மணிக்கு, பகல் சோற்றுக்குப் பிறகு, இரவு படுக்கும் முன். மிச்சமெல்லாம் சு. முதலில் அந்த சு ஒவ்வொன்றாகப் போகட்டும், அவை சுலபம். இறுக்கமானவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து வேண்டும்.

எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் வாய் போடாமல் முடியாது என்றால் உடம்பும் சேர்ந்து பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நிக்கோட்டினின் அளவு இரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறக்குறையப் பாதியாகிறது. இரவு முழுக்கக் காலியானபின் விடிகாலையில் ஆசை மூர்க்கமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே தூங்குகிறவர்கள் முதலில் நிறுத்த வேண்டியது அந்த இரவு வாயைத்தான். படுக்கும் முன் வாயைக் கொப்பளித்துப் பல் துலக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. துலக்கிய வாயில் வெற்றிலை ருசிக்காது.

காரணத்துக்கு ஏற்ற மாற்று

பசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைநாட்டில் வெற்றிலை ஆசை என்று சொல்லப்படுவதில் பெரும் பங்கு பசிதான் என்பது எங்கள் கணிப்பு. விடிகாலையில் ஒரு வெறுந்தேத்தண்ணி, பெரட்டு, பிறகு மலை. ரொட்டி வாய்க்குப் போக ஒன்பது, பத்து மணியாகிவிடும். நிக்கோட்டின் பசியை அமுக்கும். இரண்டு கையும் கொழுந்தில் இருக்கும்போது வாய்க்குள் வைத்துக்கொள்ளக் கூடிய ஒரே 'சாப்பாடு' வெற்றிலை என்றும் சொல்லலாம். வேலையை நிறுத்தாமல் எடுக்கக்கூடிய ஓய்வும் அதுவே. இந்த இரண்டுக்கும் ஈடு வைக்காமல் பையை மட்டும் பிடுங்கினால் ஆள் தாங்க மாட்டார்.

அதனால் விடும் தேதிக்கு முன்பே சாப்பாட்டை மாற்றுங்கள். பெரட்டுக்குப் போகும் முன் அரை ரொட்டியாவது சாப்பிட வேண்டும். ராத்திரியே சுட்டு வைத்தாலும் சரி. அவித்த கடலை அல்லது கௌப்பி ஒரு கைப்பிடி மடியில் இருக்கட்டும். பத்து மணி ஆசை வந்ததும் முதலில் அரைப் போத்தல் தண்ணீர், பிறகு கடலை. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் அது வெற்றிலை ஆசை. பெரும்பாலும் இருக்காது.

குளிருக்கு சூடான தண்ணீர்தான் வழி. கொத்தமல்லியையும் ஒரு துண்டு இஞ்சியையும் தட்டிப்போட்டு அவித்து பிளாஸ்க்கில் எடுத்துப் போங்கள். பிளாஸ்க் இல்லாவிட்டால் போத்தலைத் துணியில் சுற்றிக் கூடைக்கு அடியில் வைத்தால் ஒன்றரை மணி நேரமாவது வெதுவெதுப்பு இருக்கும். காதை மூடிக் கட்டுவதும் உதவும்.

வாய்க்கும் விரலுக்கும் வேலை வேண்டும். ஒரு நாளுக்கு வறுத்த பெருஞ்சீரகம் ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய் நாலு, விரல் கணு அளவில் உடைத்த கறுவாப்பட்டை ஆறு துண்டு போதும். ஏலக்காயை முழுதாக வையுங்கள். தோலை உரிப்பதில்தான் விரலுக்கு வேலை கிடைக்கிறது. கராம்பு ஒன்றுக்கு மேல் வேண்டாம், ஏற்கனவே புண்பட்ட கன்னத்தை அது எரிக்கும். டொபி வேண்டாம், சுண்ணாம்பும் காவியும் தின்ற பல்லுக்குச் சீனி சேர்ந்தால் வேறு வினை வரும். பீடிக்கும் சிகரெட்டுக்கும் மாறுவது ஒரு நோயைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது.

இவற்றைப் பழைய வெற்றிலைப் பையில் போடாதீர்கள். அந்தத் துணியில் ஊறிய வாசமே ஆளை இழுக்கும். புதுப் பையாக இருக்க வேண்டும், ஆனால் இடுப்பில் அதே பக்கம், அதே இடத்தில் தொங்க வேண்டும். கை பல வருடப் பழக்கத்தில் அந்த இடத்துக்குத்தான் போகும். போன கைக்கு ஏதாவது கிடைக்க வேண்டும்.

கோபத்துக்கும் மனவருத்தத்துக்கும் தின்பண்டம் உதவாது. கணக்கப்பிள்ளை ஏசினார், கொழுந்தில் கிலோ வெட்டினார்கள், அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போட்டார்கள் என்றால் வாய்க்குள் ஒன்றை அதக்கிக்கொண்டு அமைதியாவது பழைய வழி. சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் விழுங்குவதற்கு வெற்றிலை வசதியாக இருந்தது. அந்த நேரம் மூச்சை நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். பத்துத் தடவை. பிறகு நம்பிக்கையான ஒருவரிடம் நடந்ததை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், அன்றைக்கே.

நாள் குறிப்பது

சம்பள நாளும் அதற்கு அடுத்த நாளும் வேண்டாம். தீபாவளிக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் முந்திய வாரம் வேண்டாம், காமன் கூத்து நடக்கும் நாட்களும் வேண்டாம். மலையில்தான் அதிகம் போடுகிறேன் என்று நாட்காட்டி சொன்னால் சனிக்கிழமை இரவு தொடங்குங்கள். கடினமான முதல் பகல் ஞாயிறில், வீட்டில் கழியும். இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் அதிகம் என்றால் திங்கட்கிழமை தொடங்குங்கள், வேலை நாளைத் தின்றுவிடும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் எல்லோரும் ஒன்றாம் தேதியைப் பிடித்துக்கொள்வது ஏன் என்று தெரியவில்லை.

ஒரு நாளைக்கு ஐந்து வாய்க்குள் என்றால் ஒரேயடியாக நிறுத்தலாம். பத்துக்கு மேல் என்றால் இரண்டு வாரம் எடுத்து, இரண்டு நாளுக்கு ஒரு வாய் வீதம் குறைத்துக்கொண்டு வந்து, குறித்த நாளில் நிறுத்துங்கள். கர்ப்பிணிகள் இந்த இழுபறி இல்லாமல் உடனே விடுவது நல்லது. புகையிலை வயிற்றுப் பிள்ளையின் எடையைக் குறைக்கும். மிட்வைஃபிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

முந்திய இரவு பையைக் கழுவாதீர்கள், அடுப்பில் போடுங்கள். சுண்ணாம்பு டப்பாவையும் வெளியே தள்ளுங்கள். பாக்குவெட்டி பாட்டன் காலத்துப் பொருளாக இருந்தால் வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். வீட்டில் மாமியாரோ அம்மாவோ போடுகிறவராக இருந்தால் அவரையும் விடச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். இரண்டே கோரிக்கை: வெற்றிலைத் தட்டு இஸ்தோப்பிலிருந்து உள்ளே போகட்டும், கடைக்குப் போய் புகையிலை வாங்கி வரும்படி என்னிடமோ பிள்ளையிடமோ சொல்ல வேண்டாம். உரலில் இடிக்கும் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுங்கள்.

ஆசை அலையாக வரும், சில நிமிடத்தில் இறங்கும். பத்து நிமிடம் தள்ளிப் போட்டால் பெரும்பாலும் போய்விடும். மலையில் மணிக்கூடு பார்க்க முடியாது, ஆகவே தேயிலைச் செடி நிரையால் அளங்கள்: "இந்த நிரை முடியட்டும், பிறகு யோசிப்போம்." நிரையின் கடைசிச் செடிக்கு வரும்போது கேள்வி மறந்திருக்கும். மறக்காவிட்டால் அடுத்த நிரை.

மனது கொடுக்கும் அனுமதிச் சீட்டு

ஒவ்வொருவர் மனதிலும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. "இன்னைக்கு மழ, ஒண்ணு மட்டும்." "வெத்தில இல்லாம வேல ஓடாது." "எங்க ஆத்தா எம்பது வயசு வர போட்டுச்சு, ஒண்ணும் ஆகல." உங்களுடையது எது என்று கண்டுபிடித்து, நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி, எதிரே பதிலையும் எழுதுங்கள். பதில் சின்னதாக, உங்கள் கணக்கிலிருந்து வர வேண்டும். "ஒண்ணு மட்டும்" என்பதற்கு: "போன தடவை ஒண்ணு மட்டும் போட்டேன், அன்னைக்கு ஆறு குச்சி." ஆத்தா கதைக்கு: "ஆத்தா வயசு வர இருக்காம போன மத்தவங்க எத்தன பேரு?" புற்றுநோய் பற்றிய பயங்கரப் படங்களைச் சுவரில் ஒட்டுவதில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. பயம் வந்தால் பழைய ஆறுதலைத் தேடித்தான் கை போகிறது.

ஆட்கள் நீட்டும்போது

வெற்றிலை நீட்டுவது மரியாதை. வேண்டாம் என்றால் கொடுத்தவர் முகம் வாடும். இதனாலேயே பலர் மறுக்கத் தெரியாமல் வாங்குகிறார்கள். கொடுக்கிறவருக்கு ஏதோ ஒன்றைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இடம் விடுங்கள்:

"இந்தா புள்ள, போடு."

"வேணாங்க்கா, வாய் வேகுது. விட்டுட்டேன்."

"அடியே, பெரிய மனுசியாயிட்டியா?"

"அதெல்லாம் இல்லக்கா. போத்தல்ல தேத்தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க, தொண்ட காயுது."

அக்கா தேத்தண்ணி ஊற்றுவார். உறவு கெடவில்லை. கல்யாண வீட்டில் தட்டை நீட்டினால் ஒரு வெற்றிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தட்டைப் பக்கத்திலிருப்பவருக்கு நகர்த்துங்கள். எடுத்து மடியில் மட்டும் வைக்காதீர்கள், அது ராத்திரிக்குள் வாய்க்குப் போய்விடும்.

சாவு வீட்டில் இரவு முழுக்க உட்கார்வதுதான் பெரிய சோதனை. தூக்கம், துக்கம், நடுவில் தட்டு. போனவுடனேயே தேத்தண்ணி கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். கை காலியாக இருக்காது, தட்டுக்குப் பக்கத்தில் உட்காரவும் நேராது. குடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாராயம் உள்ளே போனால் இதுவரை எழுதிய எந்தப் பதிலும் நினைவுக்கு வராது. முதல் ஒரு மாதமாவது அதைத் தள்ளி வையுங்கள்.

உடம்பு செய்யும் குழப்பம்

சில தொல்லைகளைப் பார்த்து "வெத்தில இல்லாம எனக்கு முடியல" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மலச்சிக்கல் அதில் முதலாவது. நிக்கோட்டினும் பாக்கும் குடலைத் தூண்டும், நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரம் வயிறு மந்தமாகும். எழுந்தவுடன் வெந்நீர் ஒரு பெரிய குவளை, பகலில் கீரை, கிடைத்தால் பப்பாசி. பல்வலி இரண்டாவது. விறுவிறுப்பில் மறைந்திருந்த சொத்தைப் பல் இப்போது வெளியே வருகிறது. வலிக்கும் பல்லில் புகையிலையை அதக்குவது வைத்தியம் ஆகாது, பல் வைத்தியரிடம் காட்டுங்கள். முதல் வாரங்களில் சின்ன வாய்ப்புண்ணும் தூக்கக் கெடுதியும் சிலருக்கு வரும், தானாகப் போகும்.

மருந்தாக நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கிறது. வைத்தியர் சொன்னால் எடுக்கலாம். வெற்றிலை மென்று பழகியவர்கள் இதில் ஒரு தவறு செய்கிறார்கள்: அதையும் அதே வேகத்தில் மென்று சாற்றை விழுங்கி, விக்கலும் குமட்டலுமாகத் துப்பிவிடுகிறார்கள். மெதுவாகச் சில தடவை மென்று, விறுவிறுப்புத் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி நிறுத்த வேண்டும். விறுவிறுப்பு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். தேத்தண்ணி குடித்து 15 நிமிடம் ஆகும்வரை போடக் கூடாது, வேலை செய்யாது.

புகையிலையைக் கைவிட ஆலோசனை கேட்க 1948ஐ அழைக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் மனது இருண்டே கிடந்தால், வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் உடனே, 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல உதவி எண். அந்த மனநிலை வெற்றிலைப் பிரச்சினை மட்டும் இல்லை, அதற்குத் தனி வைத்தியம் உண்டு.

போட்டுவிட்டால்

ஒரு வாய் போட்டாகிவிட்டது. துப்பி, கொப்பளித்து, அன்றிரவு நாட்காட்டியில் ஒரு புள்ளி வையுங்கள். இதுவரை 19 நாள் விட்டிருந்தால் அது 19 நாளாகவே இருக்கும், அழித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டாம். ஆளைக் கவிழ்ப்பது அந்த ஒரு வாய் இல்லை. "கெட்டது கெட்டாச்சு, இன்னைக்குப் போடுவோம், நாளைக்குப் பாத்துக்குவோம்" என்ற அடுத்த நினைப்பு. புள்ளிக்குப் பக்கத்தில் பழைய எழுத்தைக் குறியுங்கள்: ப, கு, ஆ, கோ. மூன்று புள்ளிக்கும் ஒரே எழுத்து வந்தால் அந்த இடத்து மாற்று போதவில்லை, அதை மட்டும் மாற்றுங்கள். மிச்சத்தில் கை வைக்க வேண்டாம்.

மாதம் ஒருமுறை வாயைப் பாருங்கள்

விட்ட பிறகும் இது வேண்டும். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, வாயைக் கொப்பளித்து, உதட்டின் உட்பக்கம், இரண்டு கன்னம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, அண்ணம் என்று வரிசையாகப் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், கழுத்தில் கட்டி, உறைப்புச் சாப்பிட்டால் முன்னில்லாத எரிச்சல் எதுவும் இருந்தால் தாமதிக்காதீர்கள். உங்கள் கையின் நடு மூன்று விரலை நிமிர்த்திச் சேர்த்து மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் பாக்கினால் கன்னம் இறுகத் தொடங்கியிருக்கலாம்.

தோட்டத்து மருந்துக் காம்பராவில் காட்டி, அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்கு அனுப்பும் துண்டு வாங்குங்கள். அங்கே கேட்பதற்கு முன்பே நீங்களாகச் சொல்லுங்கள்: எத்தனை வருடம் போட்டீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை வாய், வாயில் வைத்துக்கொண்டே தூங்கினீர்களா, எந்தக் கன்னத்தில் அதக்கினீர்கள். வைத்தியர் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கன்னம்.